இல்லாத எலியின் நலன் கருதி

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்குப் பெயர் இருந்தது. சம்பளப் பட்டியலில் எழுத்துப் பிழையோடு இருந்தது. ஆனால் பதினோரு வருடமாக ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலை பார்த்ததால் எல்லோரும் அவளை ‘ஒப்பந்தம்’ என்றே கூப்பிட்டார்கள். “ஒப்பந்தம் எங்க?” “ஒப்பந்தம் சாப்பிடப் போயிருக்கு.” “ஒப்பந்தத்துகிட்ட கேளுங்க, அதுக்குத் தெரியும்.” ஒவ்வொரு ஆறு மாதமும் முடிந்ததும் ஒரே ஒரு நாள் அவளை வேலையை விட்டு நீக்குவார்கள். மறுநாள் புதிய ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். அப்படி இருபத்தொரு முறை நீக்கப்பட்டும் நிலையத்தின் மேல் அவளுக்கு மனத்தாங்கல் ஏதும் இல்லை. அந்த ஒரு நாளில் வீட்டில் ஒட்டடை அடிப்பாள்.

அவள் வேலை நரம்புச் செல்களுக்குத் தீனி போடுவது. சுண்டெலியின் மூலச் செல்களிலிருந்து வளர்த்தெடுத்த நரம்புச் செல்கள் பன்னிரண்டு தட்டுகளில், சூடு மாறாத ஒரு பெட்டிக்குள் இருந்தன. சர்க்கரை நோயில் காலும் கையும் மரத்துப் போகிறதே, அப்படிச் செத்துக்கொண்டிருக்கும் நரம்பை மறுபடி துளிர்க்க வைக்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. ஆராய்ச்சி செய்வது மேடம். மேடம் கருத்தரங்குகளுக்குப் போவார், கட்டுரை எழுதுவார். செல்களைப் பார்ப்பது இவள். நிலையத்தில் அதுவரை யார் கையிலும் நாற்பது நாளுக்கு மேல் தங்காத செல்கள், இவள் கையில் நூற்றுப் பன்னிரண்டாவது நாளைத் தொட்டிருந்தன. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்கு இழை இழையாக ஓடிப் பின்னிக்கிடக்கும். அந்தப் படத்தை மேடம் ஏழு ஊர்களில் திரையில் காட்டியிருந்தார். ஒவ்வொரு ஊரிலும் கைதட்டு கிடைத்ததாக வந்து சொன்னார். இவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தச் செல்களுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு புரதம் சொட்டு விட வேண்டும். சுண்டெலி நரம்பு வளர்ச்சிக் காரணி என்று பெயர். பெயரில்தான் சுண்டெலி. எலியின் மரபணுவை பாக்டீரியாவுக்குள் வைத்து, பாக்டீரியாவையே அந்தப் புரதத்தைச் செய்ய வைத்து, சுத்தப்படுத்தி, உறைய வைத்து உலர்த்திக் குப்பியில் அடைத்து அனுப்புகிறார்கள். எந்த எலியும் அந்தத் தொழிற்சாலைப் பக்கமே போயிருக்காது.

“எலியோட சமையல் குறிப்பு, பாக்டீரியாவோட கைப்பக்குவம்,” என்று ஒரு தடவை வீட்டுக்காரருக்கு விளக்கினாள். அவர் லிஃப்ட் மெக்கானிக்.

“அப்ப அந்தக் குறிப்புக்கு எலிக்கு ஏதாவது கிடைக்குமா?”

“எனக்கே ஒண்ணும் கிடைக்கல. எலிக்கு எங்க கிடைக்கப் போகுது?”

அந்தப் புரதம் மூன்று நாள் கிடைக்காவிட்டால் செல்கள் ஒவ்வொன்றாகத் தங்களைத் தாங்களே முடித்துக்கொள்ளும். கையிருப்பு இன்னும் இரண்டு வேளைக்குத்தான் வரும் என்ற நிலையில், ஒரு திங்கட்கிழமை காலை, புதுக் குப்பி வந்து இறங்கியது. அன்றைக்கு அவள் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தாள் என்பதைத் தவிர நல்ல சகுனம் என்று சொல்ல வேறு எதுவும் இல்லை.

பண்டகசாலை அலுவலருக்கு ‘முத்திரை’ என்று பட்டப்பெயர். அவர் மேஜையில் பதினேழு ரப்பர் முத்திரைகள் உயரவாரியாக நின்றன. அவர் பெட்டியைப் பிரித்தார். உள்ளிருந்து வெள்ளைப் புகை வழிந்து மேஜை விளிம்பிலிருந்து கீழே இறங்கியது. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

“பயப்படாதீங்க சார், உலர்பனி. சூடு ஏறாம இருக்கறதுக்குப் போட்டு அனுப்புவாங்க.”

அவர் விரல் நகம் அளவுக் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். திருப்பிப் பார்த்தார். காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுமே இல்லையேம்மா.”

“இருக்கு சார். பத்து மைக்ரோகிராம். அடியில படலமா ஒட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாது.”

“கண்ணுக்குத் தெரியாது,” என்று அவர் நிதானமாகத் திருப்பிச் சொன்னார், குற்றவாளி வாயாலேயே வரவழைத்துவிட்ட திருப்தியோடு. “முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல கண்ணுக்குத் தெரியாத பொருள நான் வரவு வெச்சதே கிடையாது. கண்ணுக்குத் தெரிஞ்ச பொருள் இங்க நிறைய காணாமப் போயிருக்கு. அது வேற விஷயம்.”

குப்பியை எடை போட்டார். அது சிமெண்ட் மூட்டை நிறுக்கிற தராசு. முள் அசையவில்லை. ‘எடை: இல்லை’ என்று பதிவேட்டில் எழுதி, கீழே கோடு போட்டார். பிறகு பனிக்கட்டியை நிறுத்தார். இரண்டு கிலோ முந்நூறு. அவர் முகம் மலர்ந்தது.

“இது பொருள். ஆனா நீங்க கேட்டதுல இது இல்லையே?”

“அது அனுப்பறவங்க சும்மா போடறது சார்.”

“சும்மா வந்ததுன்னு எந்தப் பதிவேட்டுலயும் பத்தி கிடையாதும்மா.”

உலர்பனியைத் தனியாக வரவு வைத்து, இரும்பு பீரோவில் பூட்டினார். குப்பி, முடிவு தெரியும் வரை, பண்டகசாலை ஃப்ரிட்ஜில் அவருடைய மதியச் சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் போயிற்று. குப்பியை ஃப்ரீசரில் வையுங்கள் என்று அவள் கெஞ்சியதை, கோரிக்கையாக எழுதித் தரச் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பீரோவைத் திறந்தபோது உள்ளே பனி இல்லை. தட்டு காய்ந்திருந்தது.

“கரைஞ்சிருந்தா தண்ணியாவது இருக்கணுமே?”

“அது தண்ணியாகாது சார். அப்படியே காத்தாப் போயிடும்.”

“பூட்டின பீரோவுக்குள்ள இருந்து ரெண்டு கிலோ முந்நூறு காத்தாப் போச்சு. யாராவது நம்புவாங்களா?”

“யார் சார் கேக்கப் போறாங்க?”

“நான்தான் கேப்பேன். சரக்கு குறைஞ்சா விசாரணை அதிகாரி நான்தான்.”

அவர் தன்னையே விசாரித்தார். சாவி தன்னிடம்தான் இருந்தது என்று தனக்கே வாக்குமூலம் கொடுத்து, அதைத் தானே வாங்கிக்கொண்டார். பிறகு, பனி காணாமல் போகும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்த ஒரே ஆள் ஒப்பந்தம்தான் என்று கண்டுபிடித்து, அவள் பெயரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்தார். பெயர் தெரியாததால் ‘ஒப்பந்தம்’ என்றே எழுதினார்.

அதோடு தரப் பரிசோதனைக்கு மாதிரி எடுக்க வேண்டும் என்றார். வரும் சரக்கு எதுவானாலும் ஒரு கிராம் மாதிரி எடுப்பது விதி. சிமெண்டுக்கும் அதுதான், புரதத்துக்கும் அதுதான்.

“சார், மொத்தமே பத்து மைக்ரோகிராம். ஒரு கிராம் வேணும்னா இதே மாதிரி லட்சம் குப்பி வேணும்.”

முத்திரை கணக்குப் போட்டுப் பார்த்தார். அவர் நேர்மையான ஆள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

“அப்ப மீதி தொண்ணூத்தொம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது குப்பி எப்ப வரும்?”

அன்று மாலை கையிருப்பிலிருந்து ஒரு வேளைத் தீனி போட்டாள். மேடத்திடம் போய்ச் சொன்னாள். மேடம் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல், “எழுதிக் குடும்மா. இங்க எழுதாம எதுவும் நடக்காது,” என்றார். மேடத்தின் பதவி நீட்டிப்பு ஃபைல் அப்போது இயக்குநர் மேஜையில் இருந்தது. அந்த மாதம் முழுக்க மேடம் யாரையும் எதற்காகவும் தொந்தரவு செய்வதாக இல்லை.

எழுதிக் கொடுத்தாள். மூன்று பிரதி. அதுதான் அவள் செய்த பெரிய தப்பு. பொருளின் பெயரை முழுதாக எழுதினாள். தாளின் இரண்டாவது வரியில் ‘சுண்டெலி’ என்று இருப்பதை முத்திரை கண்டார்.

“முன்னாடியே சொல்லக் கூடாதா? இது என் இலாகாவே இல்ல.” அவர் முகத்தில் சுமை இறங்கிய நிம்மதி தெரிந்தது. ஃபைல் விலங்கு நலக் குழுவுக்குப் போயிற்று.

குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறைதான் கூடும். ஆனால் அந்த வியாழக்கிழமை தலைவருக்கு வேறு வேலை இல்லை. அவர் ஆராய்ச்சியை விட்டு இருபது வருடமாகிறது. அந்தத் தியாகத்துக்காகப் பதினான்கு குழுக்களுக்குத் தலைவராக்கியிருந்தார்கள். அறையில் ஒன்பது நாற்காலிகள், அத்தனையும் அசல் தோல். கூட்டம் எப்போதும் போல, அறிவியலுக்காக உயிர் நீத்த விலங்குகளுக்கு ஒரு நிமிட மௌன அஞ்சலியோடு தொடங்கியது. எல்லோரும் தலைகுனிந்து நின்றிருந்தபோது, மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறியா கோழிக்கறியா என்று கேட்கும் தாள் கை மாறிக் கை மாறிச் சுற்றி வந்தது. அவளிடம் வரவில்லை.

“இந்த எலி ஆணா, பெண்ணா?” என்று தலைவர் தொடங்கினார்.

“எலி இல்லைங்க சார். பாக்டீரியாவுல செஞ்சது.”

“எலி இல்லேன்னா பேர்ல எதுக்கு எலி?”

“மரபணு எலியோடது சார்.”

“அப்ப எலின்னு ஒண்ணு இருந்திருக்கு.”

“என்னிக்கோ, எங்கயோ ஒரு எலி இருந்திருக்கும் சார்.”

“அது இப்ப எங்க?”

“தெரியாது சார். செத்துப் போயிருக்கும்.”

ஓர் உறுப்பினர் ‘செத்துப் போயிருக்கும்’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். குரல் தழுதழுத்தது. நடிப்பில்லை, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் வரும்.

“எவ்வளவு சாதாரணமா சொல்றே பாரும்மா. நான் இந்த நாற்காலிக்கு வந்து ஒம்பது வருஷம். இந்த ஒம்பது வருஷத்துல இந்த நிலையத்துல ஒரே ஒரு எலிகூடக் கஷ்டப்பட்டது கிடையாது. ஏன்னா ஒரு எலியக்கூட உள்ள விட்டது கிடையாது. எத்தனை பேர் வந்து கேட்டாங்க! புத்துநோய்க்குன்னு கேட்டாங்க, குழந்தைங்க வியாதிக்குன்னு கேட்டாங்க. ஒருத்தர் இங்கயே உக்காந்து அழுதார். நான் அசையல. அதுக்காக மூணு தடவை விருது குடுத்திருக்காங்க. இப்ப நீ வந்து, செத்துப் போயிருக்கும்ங்கறே.”

“சார், என் செல்லுங்களுக்கு இன்னிக்குப் போட்டா தீந்துடும். சனிக்கிழமைக்கு ஒண்ணும் இல்ல. அந்தக் குப்பி மட்டும்...”

“அவசரம் வேற, கருணை வேற. ரெண்டும் ஒரே இடத்துல இருக்காது.”

படிவத்தை நிரப்பச் சொன்னார். குழுவின் எழுத்தர் கணினியில் தட்டினார். ‘பயன்படுத்தப்படும் விலங்குகளின் எண்ணிக்கை’ என்ற கட்டத்தில் அவள் பூஜ்யம் என்றாள்.

“பூஜ்யத்த எடுக்க மாட்டேங்குது சார். குறைஞ்சது ஒண்ணாவது போடணுமாம்.”

“ஒண்ணுன்னு போடு.”

“சார், எலியே இல்லையே?”

“படிவம் அப்படிச் சொல்லலையேம்மா.”

இவ்வாறாக அன்று பிற்பகல் மூன்றே கால் மணிக்கு ஓர் எலி பிறந்தது. அதற்கு எண் கொடுத்தார்கள். ஆணா பெண்ணா என்ற கட்டத்தில் பெண் என்று போட்டார்கள், மகளிர் பங்கேற்பு குறைவாக இருந்ததால். அதற்குக் கூண்டு, படுக்கைக்கு மரத்தூள், தண்ணீர்ப் புட்டி, பராமரிக்க ஓர் ஆள், எல்லாம் ஒதுக்கினார்கள். புது இடத்துக்கு எலி பழகுவதற்கு ஏழு நாள் இணக்கக் காலம். அது மனநிம்மதியோடு இருக்கிறது என்று தெரிந்த பிறகே அதன் புரதத்தை விடுவிக்க முடியும். இந்த நிலையத்தில் பதினோரு வருடம் வேலை பார்த்த அவளுக்கு உட்காரத் தனி நாற்காலி இன்னும் ஒதுக்கப்படவில்லை.

வீட்டில் சொன்னபோது வீட்டுக்காரர் முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்தினார்.

“ஃப்ரிட்ஜுல தானே இருக்கு? போய் எடுத்துட்டு வந்துரு. அப்புறம் வர்றது வரட்டும்.”

“எடுத்தா திருட்டும்பாங்க. ஒப்பந்தம் பதினஞ்சு நாள்ல முடியுது.”

“லிஃப்ட்டுக்குள்ள ஆள் மாட்டிக்கிட்டா நாங்க அனுமதி கேட்டுட்டா கதவ உடைக்கறோம்?”

“நீங்க நிரந்தரம்,” என்றாள்.

வெள்ளிக்கிழமை போய்க் கூண்டை எட்டிப் பார்த்தாள். பராமரிப்பாளர் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கதவில் தொங்கிய அட்டையில் அவர் கையெழுத்து: ‘காலை: எலி நன்றாகச் சாப்பிட்டது. சுறுசுறுப்பாக இருக்கிறது.’

“அண்ணே, உள்ள எலி இல்லையே?”

“எனக்கும் கண்ணு இருக்கும்மா,” என்றார் அவர். “ஆனா சாப்பிடலன்னு எழுதினா டாக்டரக் கூப்பிடணும். டாக்டர் வந்தா எலி எங்கன்னு கேப்பாரு. நல்லா சாப்பிடுதுன்னு எழுதிட்டா யாரும் வர மாட்டாங்க. இருபது வருஷமா எல்லாத்தையும் நான் அப்படித்தான் எழுதறேன்.”

சனிக்கிழமை பழைய குப்பிகளையெல்லாம் தேடி எடுத்தாள். அவற்றின் உள்சுவரைக் கழுவிக் கிடைத்ததை ஒன்று சேர்த்து, பன்னிரண்டு தட்டுகளுக்கும் பிரித்துச் சொட்டு விட்டாள். அரை வேளைக்குக்கூடக் காணாது. ஞாயிற்றுக்கிழமையும் வந்தாள். நுண்ணோக்கியில் இழைகள் இன்னும் இருந்தன. ஆனால் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தவை அங்கங்கே திரண்டு, பாசி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாகத் தெரிந்தன. குறிப்பேட்டில் நேரம் போட்டு எழுதினாள். நடப்பதை உள்ளபடி எழுதுவதுதான் இந்த வேலையில் முதல் பாடம் என்று மேடம் சொல்லித் தந்திருந்தார்.

திங்கட்கிழமை தலைவர் முன்னறிவிப்பில்லாமல் கூண்டைப் பார்வையிட வந்தார். கூண்டு காலியாக இருந்தது.

“காலையில நல்லா சாப்பிட்டுச்சே சார்,” என்றார் பராமரிப்பாளர், அட்டையைக் காட்டி.

அரை மணி நேரத்தில் எலி காணாமல் போன வழக்கு பதிவானது. வெள்ளிக்கிழமை கூண்டருகே நின்று விசாரித்த ஒரே வெளியாள் ஒப்பந்தம் என்று பராமரிப்பாளர் சொன்னார். பொய்யில்லை. குப்பி, காணாமல் போன எலி சம்பந்தப்பட்ட சான்றுப் பொருளாக அறிவிக்கப்பட்டு, அதன்மேல் அரக்கு வைக்கப்பட்டது. ஃப்ரிட்ஜுக்கும் பூட்டு வந்தது.

அவள் இயக்குநரைப் பார்க்கப் போனாள். நான்கு நிமிடம் ஒதுக்கினார்கள். இயக்குநர் அவள் நீட்டிய தாளில் ஓர் இடத்தில் விரலை வைத்து, சொக்கிப் போனவராகப் படித்தார்.

“வளர்ச்சிக் காரணி! ஆகா, என்ன பேரு! யார் வெச்சது?”

“விஞ்ஞானத்துல அப்படித்தான் சார் சொல்றது.”

“நான் இங்க வந்தப்ப எத்தனை குழு இருந்துச்சு தெரியுமா? பன்னெண்டு. இப்ப நாப்பத்தாறு. போன வருஷம் மூணு ஆராய்ச்சி குறைஞ்சுது, எட்டு குழு கூடுச்சு. அதாவது ஆராய்ச்சி நின்னாலும் நிலையம் நிக்காது. ஆராய்ச்சிய நம்பி நிலையத்த நடத்தினா, ஆராய்ச்சி தோத்தா நிலையம் தோத்த மாதிரி ஆகும். ஆராய்ச்சியே இல்லாத நிலையத்த யார் தோக்கடிக்க முடியும், சொல்லு?”

“யாராலயும் முடியாது சார்.”

“உன் குப்பில இருக்கறது கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சி. நான் கண்ணுக்குத் தெரியற வளர்ச்சிய நம்பறவன்.” அவர் ஜன்னலுக்கு வெளியே கட்டிக்கொண்டிருந்த நான்காவது நிர்வாகக் கட்டடத்தைக் காட்டினார்.

“சார், செல்லு எல்லாம் புதன்கிழமைக்குள்ள செத்துடும்.”

அவர் முகம் இளகியது. உடனே உதவியாளரை அழைத்து, இந்த மாதிரி விஷயங்களில் தாமதத்தைத் தவிர்க்க ஒரு விரைவுக் குழுவை அமைக்கச் சொன்னார். அதன் முதல் கூட்டம் அடுத்த மாதம் இருபதாம் தேதி. நான்கு நிமிடம் முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் பண்டகசாலைக்குப் போனாள். யாரும் இல்லை. முத்திரை தேநீர் குடிக்கப் போயிருந்தார். ஃப்ரிட்ஜில் பூட்டு தொங்கியது. சாவி பூட்டிலேயே இருந்தது. அரக்கை உடைத்து, குப்பியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு, இரண்டாவது மாடிக்கு ஏறிப் போய்த் தீனி போட்டுவிட்டு வரப் பதினைந்து நிமிடம் போதும். அவள் சாவியைத் தொட்டாள். மகளுடைய பள்ளி, வீட்டுக்காரர் முதுகுவலி, திருட்டுக்கு உடனடி நீக்கம் என்ற ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு, எல்லாம் வரிசையாக வந்து நின்றன. வெளியே செருப்புச் சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். செருப்புச் சத்தம் வேறு பக்கம் போயிற்று.

புதன்கிழமை, நூற்று இருபத்தொன்றாவது நாள், காலையிலிருந்து நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை. இழைகள் அறுந்து, துண்டு துண்டாகி, தட்டின் அடியில் தூசு மாதிரி படிந்தன. செல்கள் சுருங்கி, உருண்டு, பிடிப்பை விட்டு மிதக்கத் தொடங்கின. ஒவ்வொரு தட்டும் முடிந்த நேரத்தை எழுதினாள். மூன்று ஐம்பதுக்குப் பன்னிரண்டாவது தட்டு முடிந்தது. பிறகு விதிப்படி தட்டுகளில் கிருமிநாசினி ஊற்றி வைத்தாள்.

செய்தி தலைவருக்கு எட்டியது. செல்கள் சுண்டெலியின் செல்கள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒன்பது வருடத்தில் அவர் குழுவுக்கு முதல் முறையாக நிஜமான ஒரு மரணம் கிடைத்திருந்தது. அவசரக் கூட்டம். மௌன அஞ்சலி இரண்டு நிமிடமாக நீட்டிக்கப்பட்டது.

மறுவாரம் விசாரணை. அவள் மேல் மூன்று குற்றச்சாட்டுகள்: பனியைக் களவாடியது, எலியைக் காணாமல் அடித்தது, செல்களைப் பட்டினி போட்டுக் கொன்றது. முதல் இரண்டுக்கும் போதிய சான்று இல்லையென்று பெருந்தன்மையோடு தள்ளினார்கள். மூன்றாவதற்குச் சான்று தேட வேண்டியிருக்கவில்லை. அவளுடைய குறிப்பேட்டையே தலைவர் சத்தமாகப் படித்தார்.

“‘காலை ஒம்போது நாப்பது. இழைகள் அறுகின்றன.’ ‘பதினொண்ணு பத்து. நாலாவது தட்டு முடிந்தது.’ ‘பன்னெண்டரை. பாதிக்கு மேல் மிதக்கின்றன.’” நிமிர்ந்தார். “ஒவ்வொண்ணும் சாகறத உக்காந்து வேடிக்கை பாத்து, நேரம் போட்டு எழுதியிருக்கே. எப்படிம்மா மனசு வந்துச்சு?”

“குப்பி கேட்டேனே சார். எல்லார்கிட்டயும் கேட்டேனே.”

“கேட்டே. குப்பி எங்க இருந்துச்சு?”

“பண்டகசாலை ஃப்ரிட்ஜுல.”

முத்திரை எழுந்தார். செவ்வாய்க்கிழமை காலை சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனது தன் தவறு என்று மனமார ஒப்புக்கொண்டார். தேநீர்க் கோப்பையோடு திரும்பி வந்தபோது இவள் ஃப்ரிட்ஜ் முன்னால் நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்ததாகவும், என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று வெளியிலேயே நின்றதாகவும் சொன்னார்.

“சாவியத் தொட்டே,” என்றார் தலைவர்.

“தொட்டேன் சார்.”

“எடுக்கல.”

“அனுமதி இல்லையே சார்.”

தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அம்மா, உயிர் போயிட்டிருக்கு. பூட்டுல சாவி இருக்கு. அந்த நேரத்துல ஒருத்தி அனுமதியப் பத்தி யோசிச்சான்னா அவ மனசு எப்படிப்பட்டது? விதிமுறையெல்லாம் எங்களுக்கும்மா. நாங்க பாத்துக்குவோம். உனக்கு இருக்க வேண்டியது இரக்கம்.”

அவள் வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அது பதிவேட்டில் ‘மறுக்கவில்லை’ என்று ஏறியது.

கடைசிச் சாட்சி மேடம். ஒரே ஒரு கேள்வி: செல்களுக்குத் தீனி போடும் பொறுப்பு யாருடையது? மேடம் அவளைப் பார்க்கவில்லை. மேஜையில் இருந்த தண்ணீர்க் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, “அவளோடதுதான்,” என்றார். அதுவும் உண்மைதான். அன்று மாலையே பதவி நீட்டிப்பு ஃபைலில் கையெழுத்து விழுந்தது.

விலங்குவதைக்காக ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது என்று தாள் வந்தது. இந்த முறை மறுநாள் சேர்த்துக்கொள்வது கிடையாது. வழக்கு முடிந்துவிட்டதால் சான்றுப் பொருளும் தேவையில்லாமல் போயிற்று. குப்பியை விடுவித்து, ஆறு கையெழுத்தோடு மேடத்தின் மேஜைக்கு அனுப்பி வைத்தார்கள்.

தாளை வாங்கிக்கொண்டு நடந்தவளை மேடம் படிக்கட்டருகே நிறுத்தினார்.

“மனசுல எதுவும் வெச்சுக்காதே. என் நிலைமை உனக்கே தெரியும்.”

“தெரியும் மேடம்.”

“உன் இடத்துக்கு ஒரு பொண்ணு வந்திருக்கா. புதுச் செல் எடுத்து வெச்சிருக்கோம். அவளுக்குக் கை நடுங்குது. ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு நாள் இருக்கில்ல? கொஞ்சம் சொல்லிக் குடுத்துட்டுப் போயேன். உன்ன மாதிரி யாருக்கும் வராது.”

முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். “சரிங்க மேடம்” என்று வந்துவிட்டது.

இரண்டு நாளும் நேரத்துக்கு வந்தாள். எதையும் ஒளிக்கவில்லை. புரதத்தைக் கரைக்கும்போது குப்பியைக் குலுக்கக் கூடாது என்று காட்டினாள். திரவத்தை ஓரமாக விட்டு, பத்து நிமிடம் தொடாமல் வைக்கச் சொன்னாள். தீனி மாற்றும்போது தட்டிலுள்ள பழைய திரவத்தைப் பாதிக்கு மேல் எடுத்தால் செல்கள் மிரண்டுவிடும் என்றாள். புதியவள் முப்பது வயதுக்காரி, கவனமானவள். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். இரண்டாம் நாள் பிற்பகலில் கை நடுக்கம் நின்றுவிட்டது. தட்டில் முதல் இழைகள் துளிர் மாதிரி எட்டிப் பார்த்தன. இருவரும் மாறி மாறி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பதினோரு வருடத்தில் அவளிடம் அந்த ஆய்வகத்தில் யாரும் இவ்வளவு நேரம் பேசியதில்லை.

“இவ்வளவு அருமையா சொல்லித் தர்றீங்க, நீங்க எதுக்குக்கா போறீங்க? நிரந்தரமா வேற இடத்துல கிடைச்சிருச்சா?”

கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டே, “போக வெச்சுட்டாங்கம்மா,” என்றாள். “பழைய செல்லுங்களப் பட்டினி போட்டுக் கொன்னுட்டேன்னு.”

புதியவள் சிரிக்கப் பார்த்தாள். அக்கா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். பிறகு இருவருக்கும் நடுவில் இருந்த தட்டை இரண்டு விரலால் மெதுவாகத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.